கருவமுள் ஊருக்கு எந்த டயர்? – சைக்கிள் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டயரைப் பற்றித்தான். ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் எப்போதும் இப்படித்தான், வேலிக்கருவை மிலாறு எல்லாம் உடைந்து ரோட்டுக்கு வந்துவிடும், பஞ்சர் கடையில் ஆள் நிற்கும். அதனால் பிரேக், கியர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு டயர் மட்டும்.

கேள்வி: மூன்று வருஷமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். வண்டியோடு வந்த 700 × 25 டயர்தான் இன்னும் ஓடுகிறது, பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது. ஞாயிறுதோறும் திருமயம் போய்த் திரும்புவேன். என் எடை 78 கிலோ. கூட வரும் நண்பர் ‘23 போடு, வேகம் கூடும்’ என்கிறார், கடைக்காரர் 28 போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – காரைக்குடி வாசகர்

கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். 23, 25, 28 என்பதெல்லாம் டயரின் அகலம், மில்லிமீட்டரில். உங்கள் நண்பர் சொல்வது ஒரு காலத்தில் எல்லோரும் நம்பியதுதான், பந்தய வீரர்களே வருஷக்கணக்கில் 23-இல்தான் ஓட்டினார்கள். இப்போது அவர்களே 28-க்கு வந்துவிட்டார்கள். காரணம் எளிது. டயர் தரையில் பதியும் இடத்தின் பரப்பை முடிவு செய்வது மேலே இருக்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். உங்கள் எடையும் வண்டி எடையும் சேர்த்து 88 கிலோ என்று வைத்துக்கொண்டால் பின் சக்கரத்தில் 50 கிலோவுக்கு மேல் இறங்கும், 80 பி.எஸ்.ஐ. காற்றில் அது தரையில் தொடும் இடம் ஒரு தீப்பெட்டியின் முகத்தில் ஏறக்குறைய பாதி. ஒல்லி டயரில் இந்தப் பாதித் தீப்பெட்டி நீளவாக்கில் இழுபட்டு நிற்கும், அகல டயரில் நீளம் குறைந்து, அகலவாக்கில் இருக்கும். நீளமாகப் பதிந்தால் டயரின் பக்கச் சுவர் அதிகம் மடங்கி நிமிர வேண்டும், அந்த மடங்கலில்தான் உங்கள் மிதி வீணாகிறது.

இது சமமான தரைக்கான கணக்கு. நம் ஊர் ரோட்டில் இன்னொன்றும் சேர்கிறது. திருச்சி ரோட்டில் நேராகப் போகும்வரை தார் வழுவழுப்பாக இருக்கும், கானாடுகாத்தானுக்குத் திரும்பி உள்ளே நுழைந்தால் ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கிற பழைய ரோடு வரும். கல் மாதிரி இறுகிய 23 டயர் அதில் ஒவ்வொரு ஜல்லிக்கும் வண்டியையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப்போடும், தூக்கிப்போடுகிற அந்தச் சக்தி முன்னால் போகிறதற்கு உதவாது. உள்ளங்கை மரத்துப்போவது, கழுத்து பிடித்துக்கொள்வது எல்லாம் பாதி டயரில் இருந்து வருகிற வியாதிதான். 23-இல் கொஞ்சம் எடை மிச்சம், காற்றை வெட்டிப் போவதில் கொஞ்சம் மிச்சம், ஆனால் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிற நமக்கு அது கணக்கில் வராது.

ஆனால் 28 உங்கள் வண்டியில் நுழையுமா என்பதை வாங்குவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையில் எந்தப் பக்கமும் 4 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். 25-இலிருந்து 28-க்குப் போனால் இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் கூடும், உயரத்தில் ஏறக்குறைய மூன்று கூடும். வீட்டில் அல்லன் கீ செட் இருக்கும் அல்லவா, இப்போதுள்ள டயருக்குப் பக்கத்தில் 6 எம்.எம். கீயும், டயருக்கு மேலே பிரேக்குக்கு அடியில் 8 எம்.எம். கீயும் சிரமமில்லாமல் நுழைந்தால் 28 தாராளமாகப் போகும். மேலே நுழையவில்லை என்றால், பழைய வண்டிகளின் பிரேக் பெரும்பாலும் 25-க்கு மேல் இடம் கொடுக்காது, அப்போது 25-இலேயே நல்லதாகப் பாருங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை. பின் சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள், முன் ஃபோர்க்கில் இடம் குறைவாக இருக்கிற வண்டிகள் உண்டு.

கடையில் கேட்கும்போது 700 என்பதை விட 622 என்ற எண்ணைப் பாருங்கள். டயரின் பக்கத்தில் பொடி எழுத்தில் 28-622 என்று இருக்கும், முதல் எண் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ஏமாற்றாத எண் அது ஒன்றுதான்.

இனி காற்று. டயரை விட இது முக்கியம் என்றே சொல்வேன், ஏனென்றால் மிக நல்ல டயரை வாங்கிவிட்டு, பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு அடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்த எண் எல்லை, அது உங்களுக்கான அளவு இல்லை. உங்கள் எடைக்கு 28 டயரில் பின்னால் 80, முன்னால் 72 வைத்துத் தொடங்குங்கள். இரண்டு ஞாயிறு ஓட்டிப் பார்த்து மூன்று மூன்றாகக் குறையுங்கள், பள்ளத்தில் இறங்கும்போது ரிம் தரையில் தட்டுகிற மாதிரி இருந்தால் அதற்கு முந்தைய அளவுதான் உங்கள் அளவு. தட்டுகிற அளவிலேயே ஓட்டினால் டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும், பாம்பு கடித்த மாதிரி.

ரிம்மின் பக்கச் சுவரில் கொக்கி மாதிரி மடிப்பு இல்லாத புது வகை ரிம் என்றால் மட்டும் வேறு கணக்கு, அதில் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகவே கூடாது, டியூப்லெஸ்ஸுக்காகச் செய்த டயர்தான் போட வேண்டும்.

நான் 23 டயரில் 110 அடித்துக்கொண்டு ஓட்டிய காலம் உண்டு. சித்திரை மாதம், திருமயம் கோட்டை அடிவாரத்தில் வெயிலில் வண்டியைச் சாத்திவிட்டு மேலே ஏறினேன். முப்பது டிகிரி கூடினால் உள்ளே பத்துப் பன்னிரண்டு பி.எஸ்.ஐ. ஏறிவிடும் என்பது அன்றைக்குத் தெரியாது. டயரின் பக்கச் சுவரில் ஒரு சின்ன வெட்டு இருந்ததையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறங்கி வந்து பார்த்தால் அந்த வெட்டு வாய் பிளந்து, டியூப் வெடித்து, டயர் ரிம்மை விட்டு வெளியே கிடந்தது. காரைக்குடிக்கு பஸ்ஸில் வந்தேன், கண்டக்டர் நல்லவர், வண்டியைப் பின்னால் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து பக்கச் சுவரில் நூல் தெரிகிற டயரை ஒரு நாள் கூட வைத்துக்கொள்வதில்லை.

சரி, எந்த டயர் என்று அடுத்துக் கேட்பீர்கள். டயருக்குள் மூன்று விஷயம்: ரப்பர், நூல் துணி, நடுவில் முள்ளைத் தடுக்கும் பட்டை. நூல் எவ்வளவு நெருக்கம் என்பதை டி.பி.ஐ. என்று போடுவார்கள். பொதுவாக 60 என்றால் தடித்த நூல், முரடு, விலை குறைவு. 120 பக்கம் என்றால் மெல்லிய நூல், டயர் வளைந்து கொடுக்கும், ஓட்டுவதற்கு இதமாக இருக்கும். சில கம்பெனிகள் மூன்று அடுக்கையும் கூட்டி 330 என்று எழுதுவார்கள், அதை மற்றதோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். கான்டினென்டல் கிராண்ட் பிரீ 5000 உண்மையிலேயே வேகமான டயர், நானும் ஓட்டியிருக்கிறேன், ஆனால் அந்த விலைக்கு வாங்கி வேலிக்கருவை ரோட்டில் விட எனக்கு மனசு வராது. கேட்டர்ஸ்கின் அதற்கு நேர் எதிர், பக்கச் சுவர்வரை பாதுகாப்பு, கொஞ்சம் கனத்த ஓட்டம், மழை ஈரத்தில் பிடிப்பு குறைவு. உங்களைப் போல வாரம் 50 கிலோமீட்டர் போகிறவருக்கு இரண்டுக்கும் நடுவில், முள்ளுப் பட்டை வைத்த, மடிக்கக்கூடிய டயர் போதும். விட்டோரியா ரூபினோ மாதிரி, ஷ்வால்பேயில் நடு விலையில் வருகிறது மாதிரி. பட்டை இல்லாத டயரை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அப்புறம், 28 போட்டதும் வண்டியில் இருக்கும் மீட்டரில் சக்கரச் சுற்றளவை 2105 மில்லிமீட்டரிலிருந்து 2136-க்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐம்பது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 700 மீட்டர் குறைத்துக் காட்டும்.

கேள்வி: வாரத்துக்கு இரண்டு பஞ்சர். டியூப் மாற்றிய மறுநாளே மறுபடியும் காற்று இறங்குகிறது. டியூப்லெஸ்ஸுக்கு மாறினால் தீருமா அண்ணே? – தேவகோட்டை வாசகர்

தம்பி, மறுநாளே இறங்குகிறது என்றால் அது புது பஞ்சர் இல்லை, பழைய முள்ளுதான். கருவமுள்ளின் குணமே அது. குத்திய வேகத்தில் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, விரலால் தடவினாலும் பல நேரம் சிக்காது, காற்று அடித்து நீங்கள் ஏறி உட்கார்ந்தால்தான் உள்ளே நீட்டும்.

இப்படிச் செய்யுங்கள். சக்கரத்தைக் கழற்றும்போதே வால்வுக்கு நேராக டயரில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் டயர் மாட்டும்போதே கம்பெனிப் பெயரை வால்வுக்கு நேராக வைத்து மாட்டச் சொல்வது. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்து, வால்விலிருந்து அது எத்தனை சாண் தூரம் என்று அளந்து, டயரிலும் வால்வு இடத்திலிருந்து அதே தூரத்தில், இரண்டு திசையிலும் தேடுங்கள். விரலை விடாமல், மருந்துக்கடைப் பஞ்சை ஒரு உருண்டை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். முள் இருக்கிற இடத்தில் பஞ்சு ஒரு இழை மாட்டிக்கொண்டு நிற்கும். போன மாதம் ஒரு டயரில் நான் எடுத்த முள் அரிசியில் பாதி கூட இல்லை, கறுத்துப்போய் ரப்பர் நிறத்திலேயே இருந்தது, அது மூன்று டியூபைத் தின்றிருந்தது. நகம்வெட்டியால் வெளியிலிருந்து அழுத்தி உள்ளிருந்து பிடுங்கினால் வந்துவிடும்.

நெருஞ்சி வேறு. ஊருணிக் கரையில் மஞ்சள் பூவாகத் தரையோடு படர்ந்து கிடக்கும், காய்ந்த பிறகு எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். ஆனால் குத்தினால் வெளியே துருத்திக்கொண்டு கண்ணுக்குத் தெரியும், அந்தவகையில் நல்லது. மண் ரோட்டோரம் வண்டியை இறக்கிவிட்டு ஏறினால் கிளம்புவதற்கு முன் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைக் கேளுங்கள், ரோட்டின் ஓரத்து ஒரு முழத்தில் என்ன கிடக்கிறது என்று அவர்கள் பாதம் சொல்லும். காற்றும் லாரியும் சேர்ந்து முள்ளு, கண்ணாடி, கம்பித் துண்டு எல்லாவற்றையும் அந்த ஓரத்துக்குத்தான் ஒதுக்கும். வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஓட்டினாலே பாதி பஞ்சர் குறையும்.

டியூப்லெஸ் நல்ல விஷயம்தான், முள் ஓட்டை மாதிரி சின்ன ஓட்டைகளை உள்ளே இருக்கும் சீலண்ட் தானாக அடைத்துவிடும். ஆனால் ரிம்மும் டயரும் இரண்டும் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். உங்கள் ரிம் அப்படி இல்லை என்றால் டேப் ஒட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், வளைவில் டயர் கழன்றால் உயிருக்கு ஆபத்து. ரிம் சரியாக இருந்தாலும், நம் வெயிலுக்குச் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து ஊற்ற வேண்டும், முதல் முறை டயர் ரிம்மில் ஏறி உட்கார கம்பிரஸர் காற்று தேவைப்படும். இதைத் தானே செய்துகொள்ள விருப்பமுள்ளவருக்கு டியூப்லெஸ். பஞ்சர் கடையை நம்பி இருப்பவருக்குப் பட்டை வைத்த டயரும், பையில் ஒரு ஸ்பேர் டியூபும், கொஞ்சம் பஞ்சும். வால்வின் நடுக்குச்சி கழற்றக்கூடியதாக இருந்தால் சாதா டியூபுக்குள்ளேயே சீலண்ட் ஊற்றிக்கொள்ளலாம், அதுவும் ஓரளவு காப்பாற்றும்.

கேள்வி: மகன் சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போன ரேஸ் சைக்கிள் நாலு வருஷமாக முகப்பில் நிற்கிறது. பேரன் ஓட்டக் கேட்கிறான். டயரில் கொஞ்சம் கீறல் இருக்கிறது, காற்று அடித்தால் நிற்கிறது. கொடுக்கலாமா? – கானாடுகாத்தான் வாசகி

கொடுக்காதீர்கள் ஆச்சி, முதலில் இரண்டு டயரையும் மாற்றிவிடுங்கள். காற்று நிற்பது டியூபின் வேலை, டயர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. நாலு வருஷம் காற்றில்லாமல் ஒரே இடத்தில் நின்றால் வண்டி எடை முழுவதும் டயரின் அதே மடிப்பில் இறங்கியிருக்கும், அந்த மடிப்பில்தான் ரப்பர் வெடித்து நூல் தளர்ந்திருக்கும். ஓடும் தரையில் மயிரிழைக் கீறல் என்றால் கூடப் பரவாயில்லை, பக்கச் சுவரில் கீறல் என்றால் யோசிக்கவே வேண்டாம். டியூபையும், ரிம்முக்குள் ஒட்டியிருக்கும் டேப்பையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், அந்த டேப் நகர்ந்திருந்தால் ஸ்போக் ஓட்டை உள்பக்கமிருந்து டியூபை வெட்டும். இனிமேல் ஓட்டாத நாளில் முற்றத்து வெயில் படாத இடத்தில், இரண்டாம் கட்டில் ஒரு கொக்கியில் தொங்கவிடுங்கள்.

கேள்வி: ஐயா காலத்து ஹெர்குலிஸ் ஒன்றை எடுத்துச் சரி செய்கிறேன். என் ரோடு பைக்கின் பழைய 700 டயர் அதற்குச் சேருமா? இரண்டையும் 28 இஞ்ச் என்றுதானே சொல்கிறார்கள்? – பள்ளத்தூர் வாசகர்

சேராது. 28 இஞ்ச் என்ற ஒரே பெயரில் வேறு வேறு அளவு இருக்கிறது. ராடு பிரேக் வைத்த பழைய வண்டிக்கு 28 × 1½, அதன் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். உங்கள் ரோடு பைக் 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம், 622 டயரை எவ்வளவு நெம்பினாலும் அந்த ரிம்மில் ஏறாது, நெம்பினால் டயரின் கம்பி அறுந்துதான் போகும். 635 டயர் ஊர்ப்பக்கத்து சைக்கிள் கடையில் இன்றைக்கும் கிடைக்கிறது, விலையும் சொற்பம். அதோடு டியூபும் வாங்குங்கள், வால்டியூப் போடுகிற பழைய வால்வுதான் அந்த ரிம் ஓட்டைக்குப் பொருந்தும்.

உங்கள் ஊர்க்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஹெர்குலிஸ் அம்பத்தூரில் செய்தது என்றால், 1949-இல் அந்த சைக்கிள் கம்பெனியைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குச் சொந்த ஊர் பள்ளத்தூர்தான். மலேயாவில் ரப்பர்த் தோட்டத்துக்குக் கடன் கொடுத்தும், தோட்டமே வாங்கியும் சம்பாதித்த ஊர்கள் நம்முடையது, அந்தப் பணத்தில் எழுந்த வீட்டு முகப்பில் ஒரு ரப்பர் டயர் வண்டி மறுபடியும் ஓடப் போகிறது என்பதில் எனக்குச் சந்தோஷம். முடிந்ததும் படம் அனுப்புங்கள்.

கேள்வி: இரண்டு டயருக்கும் பணம் இல்லை. ஒரு நல்ல டயர்தான் வாங்க முடியும். பின் டயர்தான் தேய்ந்திருக்கிறது, பின்னால் போடட்டுமா? – கோட்டையூர் கல்லூரி மாணவர்

புது டயர் முன்னால். இப்போது முன்னால் இருப்பதைக் கழற்றிப் பின்னால் போடுங்கள், பின்னால் இருந்ததைத் தூக்கிப் போடுங்கள். எடை அதிகம் இறங்குவதும் மிதி இறங்குவதும் பின் சக்கரத்தில் என்பதால் அது சீக்கிரம் தேயும், அது இயல்பு. ஆனால் பின் டயர் வெடித்தால் வண்டி அலம்பும், பெரும்பாலும் நிறுத்திவிடலாம். முன் டயர் வெடித்தாலோ வழுக்கினாலோ திருப்புகிற பிடியே போய்விடும், விழுவதற்கு முன் யோசிக்க நேரம் இருக்காது. பலர் தேய்ந்த பின் டயரைக் காசை மிச்சம் பிடிக்க முன்னால் மாற்றுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தேய்மானம் எப்படித் தெரிந்துகொள்வது என்றால், சில டயரில் ஓடும் தரையில் இரண்டு சின்னக் குழி இருக்கும், குழி மறைந்தால் டயர் முடிந்தது. குழி இல்லாத டயரில் நடுப்பகுதி சதுரமாகத் தட்டையாகிவிட்டதா, ரப்பருக்கு அடியில் நூல் எங்காவது தெரிகிறதா, இவற்றைப் பாருங்கள்.

கேள்வி: ஐப்பசி மழையில் ஓட்ட, கோடு வெட்டிய டயர் வாங்க வேண்டுமா? – புதுக்கோட்டை வாசகர்

வேண்டாம். காரில் அகல டயர், காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் மேல் மிதக்கும், தண்ணீரை வெளியேற்றக் கோடு தேவை. சைக்கிளில் 80 பி.எஸ்.ஐ.யில் தண்ணீர் மேல் மிதக்க மணிக்கு 150 கிலோமீட்டர் பக்கம் போக வேண்டும். தார் ரோட்டில் மொழுக் டயர்தான் அதிக ரப்பரைத் தரையில் வைக்கும். மழையில் பிடிப்பைத் தருவது ரப்பரின் மென்மை, அடுத்தது காற்று, வழக்கத்தை விட ஐந்து பி.எஸ்.ஐ. குறைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் போட்ட வெள்ளைப் பெயின்டிலும், ரயில்வே கேட் தண்டவாளத்திலும் எந்த டயரும் வழுக்கும், தண்டவாளத்தைக் குறுக்காக நேராகக் கடந்து போங்கள். முதல் மழை பெய்த அரைமணி நேரம் ரோட்டு எண்ணெய் மேலே வந்து நிற்கும், அப்போது டீக்கடையில் உட்கார்ந்துவிடுங்கள்.

கேள்வி: புது டயர் ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது. ஸ்பூன், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் போட்டுப் பார்த்து டியூப் கிழிந்ததுதான் மிச்சம். – திருப்பத்தூர் வாசகர்

டயரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு எடுங்கள், இளகும். டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் ஒரு மூச்சுக் காற்று. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் வந்து முடியுங்கள், பலர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் கடைசி ஒரு சாண் ஏற மறுக்கிறது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், டயரின் ஓரம் சுற்றிலும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால் கடைசிப் பகுதிக்குத் தளர்வு கிடைக்கும், அதற்காக இரண்டு கையாலும் டயரைச் சுற்றிலும் கிள்ளிக் கிள்ளித் தள்ளிக்கொண்டே வாருங்கள். கடைசியில் இரண்டு உள்ளங்கையின் அடியால், சப்பாத்தி மாவை உருட்டுகிற மாதிரி மேல் நோக்கித் தள்ளினால் ஏறும். ஸ்க்ரூடிரைவரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். காற்று அடிப்பதற்கு முன் டயரை இரண்டு பக்கமும் விலக்கி டியூப் எங்காவது ரிம்முக்கும் டயருக்கும் இடையில் கடிபட்டிருக்கிறதா என்று முழுச் சுற்றும் பாருங்கள், வால்வை ஒரு முறை உள்ளே அமுக்கி வெளியே இழுங்கள், பக்கச் சுவரில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் ஓடும் திசையைப் பார்த்து நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பம்பை மாட்டுங்கள்.